உடுவில் கட்டடங்களை அளந்து வைப்போம்: பழைய மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

உடுவில் மகளிர் கல்லூரிப் பழைய மாணவியருக்கு, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சங்கத்தினர் எல்லோருக்கும்,

வணக்கம். நான் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அல்ல, ஆம்பிளை என்பதால் அதற்கு வழியும் இல்லை. என் அம்மம்மா அங்கே போடிங்கில், அதாவது விடுதியில், இருந்து படித்தவர். அம்மா வீட்டிலிருந்து போய் வந்து படித்தவர். நான் வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் கீறிக் கொடுத்துப் பிழைக்கிறவன். பழைய சுவரைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் தாண்டிப்போக முடியாத தொழில். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2024உடன் உங்கள் கல்லூரிக்கு இருநூறு வயது நிறைந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பெரிய ஆண்டு விழா ஒன்று வந்தால் காசு சேரும், காசு சேர்ந்தால் கட்டடம் எழும்பும், கட்டடம் எழும்ப இடம் வேண்டும். இடம் எங்கேயிருந்து வரும் என்று உங்களுக்கே தெரியும். புதுக் கட்டடம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஆய்வுகூடமும் நல்ல மலசலகூடமும் வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: பழைய கட்டடம் எதிலும் கை வைக்க முதல் அதை அளந்து, படம் கீறி, அதற்குள்ளே யார் இருந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். யார் என்று நான் கேட்பது மிஷனரிமாரை அல்ல. பாயில் படுத்த பிள்ளைகளை.

மிஷனரிமாரின் கதை பத்திரமாகவே இருக்கிறது. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் இறங்கினார்கள். 1820இல் மைரன் வின்ஸ்லோவும் மனைவி ஹரியற்றும் உடுவிலுக்கு வந்தார்கள். வெறுங்காணிக்கு வரவில்லை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் தொடர்ந்த பழைய கிறிஸ்தவக் கோயில் வளவு ஒன்றுக்குத்தான் வந்தார்கள். ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் கோயில்களின் படங்களைச் செதுக்கிப் போட்டிருக்கிறார், அதில் உடுவிலும் உண்டு. ஆக, மிஷன் வருவதற்குக் கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடம் முன்பே அந்த இடத்தை ஒருவர் பார்த்துப் படமாக்கிவிட்டார். நாங்கள் இன்னும் அளவு நாடாவையே எடுக்கவில்லையென்றால் வெட்கம்தான்.

1824இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது என்று மேடையில் சொல்லுவோம். அந்த 'முதலாவது' பற்றி வாதாட எனக்கு ஆசையில்லை. மழை இரவு ஒன்றில் வீட்டுக்குப் போக முடியாமல் மிஷன் வீட்டில் தங்கி, அங்கேயே சோறு தின்றுவிட்ட இரண்டு சிறுமிகளிலிருந்து எல்லாம் தொடங்கியது என்று ஒரு கதை சொல்வார்கள். அம்மம்மாவும் சொல்லுவா. கதையில் முக்கியம் மழை அல்ல, சோறு. யார் வளவில், யார் சமைத்தது என்பதுதான் அந்தக் காலத்துக் கேள்வி. மிஷனின் ஆண்பிள்ளைகள் விடுதியிலும் இதே தொல்லை. மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ணமாட்டோம் என்று பையன்கள் நின்றதால், பக்கத்துச் சைவக் காணியில் குசினி போட வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய விடுதி ஒன்றில் குசினி எங்கே இருந்தது, எந்தப் பக்கம் வாசல், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டால் அந்த ஊரின் சாதிக் கணக்கு முழுவதும் வெளியே வரும். அதனால்தான் முகப்பு மண்டபத்தை விடக் குசினியை முதலில் அளக்கச் சொல்கிறேன்.

ஏன் பெண்களுக்குப் பள்ளி வைத்தார்கள்? வட்டுக்கோட்டைச் செமினரியில் 1823 முதல் பையன்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவிமார் வேண்டும். மிஷனரிமார் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதினார்கள். படிப்பை முடித்துக் கலியாணம் செய்த பிள்ளைக்கு மிஷனே சிறிய சீதனமும் கொடுத்தது. மதம் மாற்ற வந்தவர்கள்கூட எங்கள் சீதனத்தை மாற்ற முடியாமல் தாங்களே கொடுக்கத் தொடங்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் தொடங்கியவர்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும் எழுத்து எழுத்துத்தான். பெண் ஏடு தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்ன ஊரில், கடிதம் எழுதும் பெண்கள் ஒரே வளவிலிருந்து வருடாவருடம் வெளியே வந்தார்கள்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலின் வயிற்றெரிச்சல் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் யாராவது ஒரு பிள்ளையின் செலவுக்குக் காசு அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயரை வைப்பது மிஷனின் வழக்கம். அதனால்தான் 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியர்மார் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று இருந்தார்கள். இரண்டு பேரும் அசல் யாழ்ப்பாணத் தமிழர். ஆண்களில் பலர் பிறகு தங்கள் பெயரை மீட்டுக்கொண்டார்கள், அல்லது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். கறல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. நூல் எழுதினார்கள், பதவிக்குப் போனார்கள், சைவத்துக்குத் திரும்பி வாதாடினார்கள். அதனால் வரலாற்றில் ஆளைப் பிடிக்கலாம். உடுவில் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்கப் பெயரோடு பள்ளியில் பதிவு, கலியாணத்தன்று புருஷன் பெயரோடு இன்னொரு பதிவு. தாய் தகப்பன் வைத்த பெயர் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்து போயிற்று.

இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹரியற் வின்ஸ்லோ 1833 சனவரியில் உடுவிலிலேயே இறந்தார். அவரின் மகள், தாயின் பெயரைக் கொண்ட இன்னொரு ஹரியற், சென்னையில் மிஷனரியாக இருந்த ஜோன் வெல்ஷ் டலஸ் என்பவரைக் கலியாணம் முடித்தார். அவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் ஜோன் பொஸ்ரர் டலஸ், மற்றவர் சி.ஐ.ஏ. தலைவர் அலன் டலஸ். 1950களில் பாதி உலகத்தை ஆட்டிய இரண்டு பேர். உடுவில் விறாந்தையிலிருந்து வாசிங்டன் வரை ஒரு குடும்பத்தின் கொடிவழியை ஒரு கண்ணியும் விடாமல் சொல்லலாம். அதே விறாந்தையில் அதே வருடம் அரிச்சுவடி படித்த பிள்ளையின் பூட்டப்பிள்ளை இன்றைக்குச் சுன்னாகம் சந்தையில் என்னோடு இடிபட்டுப் போனாலும் எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எலைசா அக்னியூ அம்மையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவரை எனக்குப் பிடிக்கும். 1840இல் வந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தார், ஒரு தடவைகூட அமெரிக்கா திரும்பவில்லை. 1883இல் மானிப்பாயில் கண்ணை மூடினார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்கும் அவரே வாத்தியார். 'ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்' என்று அவரைச் சொல்வார்கள். பொருத்தமான பட்டம்தான். ஆனால் தாயின் பெயர் இருக்கிறது, அந்த ஆயிரம் பேரின் பெயர் எங்கே? 1855இல் பொஸ்ரனிலிருந்து வந்த மிஷன் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் ஆங்கிலப் படிப்பைக் குறைக்கச் சொன்னபோது, வட்டுக்கோட்டைச் செமினரியே மூடப்பட்டது. உடுவில் மூடவில்லை, தமிழில் தொடர்ந்தது. அந்த நெருக்கடிக் காலத்தில் பள்ளியில் இருந்த பிள்ளைகள் யார் என்பதையாவது நாங்கள் அறிந்திருக்க வேண்டாமா?

அறிய வழி இருக்கிறது. மிஷன் அனுப்பிய அறிக்கைகளும் கடிதங்களும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌற்றன் நூலகத்தில் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிற உங்களுக்கு அது எட்டாத இடம் அல்ல. இந்தப் பக்கம் கோயில்களில் திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு என்று தப்பியவை தப்பியிருக்கும். அந்தப் பெயரையும் இந்தப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இந்த அமெரிக்கப் பெயர் எந்த ஊர், யாருடைய மகள் என்று ஒரு சிலரையாவது கண்டுபிடிக்கலாம். ஆயிரம் வேண்டாம், ஐம்பது பெயர் மீண்டாலும் எனக்குப் போதும். கிடைத்ததை நூலகம் நிறுவனத்திடம் கொடுத்தால் மின்வடிவில் ஏற்றி உலகத்துக்கே விடுவார்கள். 2005 முதல் அவர்கள் செய்துவருகிற வேலை அது.

இதை ஏன் அவசரமாகக் கேட்கிறேன் என்றால், காகிதத்தை நம்பி நாங்கள் ஏமாந்த சனம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கியதால், வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அன்றைக்கு யார் பள்ளிக்கூடத்து இடாப்பைத் தூக்கினார்கள்? எங்கள் வீட்டில் தூக்கியதில் ஒன்று அம்மம்மாவின் றங்குப்பெட்டி. உள்ளே பெறுமதியாக ஒன்றும் இல்லை, சாமான் வைக்கத்தான் எடுத்தார்கள். மூடியின் உட்பக்கத்தில், போடிங்குக்குக் கொண்டுபோக வேண்டியவை பென்சிலால் எழுதியிருக்கிறது: பாய் 1, தலையணை உறை 2, வெள்ளைப் பாவாடை, செம்பு, சீப்பு, தைக்கிற ஊசிப்பெட்டி. வெளியே வெள்ளைப் பெயின்ற்றில் ஓர் இலக்கம். போடிங்கில் அவருக்கு அந்த இலக்கம்தான். உடுப்பு, கோப்பை, பாய் எல்லாவற்றிலும் அதுவே. அந்தப் பெட்டி வைத்த அறை எது, படுக்கை எந்த யன்னலுக்குக் கீழே, சனிக்கிழமை முழுக்குக்கு எந்தக் கிணற்றடியில் வரிசையில் நின்றார்கள் என்றெல்லாம் அம்மம்மா சொல்லும்போது நான் பெடியன், காதில் ஏறவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. உங்கள் சங்கங்களில் எண்பது, தொண்ணூறு வயதில் இன்னும் சில அக்காமார் இருப்பார்கள். அவர்களிடம் கேட்கலாம். ஆனால் 'பள்ளிக்கால நினைவுகளைச் சொல்லுங்கள்' என்று ஒலிவாங்கியை நீட்டினால் எல்லோரும் பரிசளிப்பு விழாவைத்தான் சொல்வார்கள். கட்டடத்தின் படத்தை முன்னால் விரித்து, 'அக்கா, நீங்கள் படுத்த இடத்தில் ஒரு புள்ளடி போடுங்கோ' என்று கேளுங்கள். பிறகு அவர்களை நிறுத்த முடியாது.

அளப்பது பெரிய வித்தை இல்லை. எங்கள் பக்கத்துப் பழைய வேலையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். முதலில் சுவரின் கனம். சுண்ணாம்புக்கல்லோ முருகைக்கல்லோ வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், சீமெந்துக் கல்லுச் சுவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடித்திருக்கும். யன்னல் திட்டில் ஒரு பிள்ளை காலை மடக்கி இருந்து படிக்கலாம். ஒரே சுவரின் கனம் நடுவில் மாறினால் அங்கே பிறகு ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் கூரை. பனஞ்சலாகையா, வேறு மரமா என்று பாருங்கள். பழைய பனைக்குக் கோடரியால் செதுக்கிய தடம் இருக்கும், வாளால் அறுத்தது வேறு மாதிரி. ஓடு மாற்றும்போது ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மங்களூர் ஓட்டில் தொழிற்சாலையின் பெயரும் ஊரும் அச்சாக இருக்கும். பேசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே அந்த ஓடு கிடந்தால் கூரை அதற்குப் பிந்தியது, சுவர் முந்தியதாக இருக்கலாம். ஓர் ஓட்டிலிருந்து இவ்வளவும் தெரியும். அதைத்தான் மேசன்மார் உடைத்துக் கிடங்கு நிரப்புகிறார்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசி, அதற்கு மேல் பளபளவென்று பெயின்ற் அடிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். இது எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பொருந்தும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சீமெந்து அதன் மூச்சை அடைத்துவிடும். ஈரம் உள்ளே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழரும். பிறகு 'கட்டடம் பழுது, இடிக்க வேணும்' என்று என்னைப் போல ஒருவனைக் கூப்பிட்டுக் கடிதம் வாங்குவார்கள். பழுது கட்டடத்தில் இல்லை, பூச்சில். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில், பெயர் வேண்டாம், இப்படித்தான் ஒரு மண்டபம் போனது. அதன் அத்திவாரக் கல், எழுத்தோடு, இப்போது ஒரு வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல். எழுத்துப் பக்கம் மேலே இருப்பதால் சவர்க்காரம் நன்றாக நுரைக்குமாம்.

உங்களிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை என்று தோன்றலாம். சைக்கிள் மிதிக்கும் தூரத்தில், மருதனார்மடத்தில், இராமநாதன் கல்லூரி இருக்கிறது. அவர்களுக்கும் இதே வேண்டுகோளை வைக்கிறேன், முடிந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து செய்யுங்கள். சேர். பொன். இராமநாதன் 1913இல் அதைத் தொடங்கியது, வெளிப்படையாகச் சொன்னால், சைவப் பிள்ளைகள் உங்கள் போடிங்குக்குப் போகாமல் இருக்கத்தான். உடுவில் இல்லையென்றால் இராமநாதனும் இல்லை. அங்கே முதல் அதிபராக வந்தவர் புளோரன்ஸ் ஃபார். லண்டன் நாடக மேடை நடிகை, கவிஞர் யேட்ஸுக்கும் பெர்னாட் ஷாவுக்கும் நெருங்கிய சிநேகிதி. ஐம்பது வயதை எட்டிய பிறகு எல்லாவற்றையும் விட்டு, எங்கள் செம்பாட்டு மண்ணுக்குச் சைவப் பிள்ளைகளை மேய்க்க வந்தார். 1917இல் புற்றுநோயால் கொழும்பில் இறந்தார். பிறகு இராமநாதனின் மனைவி, அவுஸ்திரேலியாவில் பிறந்த லீலாவதி அம்மையார் கல்லூரியைத் தாங்கினார். இராமநாதனின் சமாதி அந்த வளவிலேயே இருக்கிறது. பெண்களுக்கு இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் கட்டிய அதே மனிதர் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்க வந்த டொனமூர் ஆணைக்குழுவுக்கு முன் வாதாடினார் என்பதும் உண்மை. அவர் 1930இல் போனார், 1931இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது.

1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசாங்கம் எடுத்தபோது இரண்டும் வேறு வேறு வழியில் போயின. இராமநாதன் அரசின் கைக்குப் போனது. உடுவில் கட்டணமும் வாங்க முடியாமல், அரச பணமும் இல்லாமல், தனியார் பள்ளியாகத் தாக்குப்பிடித்தது. அந்த வருடங்களில் கூரை ஒழுக்கை அடைக்கவும் யாரோ ஒரு பழைய மாணவிதான் காப்பை அடகு வைத்திருப்பார். ஆகவே இந்தக் கட்டடங்கள் தென்னிந்தியத் திருச்சபையின் மறைமாவட்டத்தினுடையது என்பது உறுதியில் சரி. ஆனால் அவற்றை நிற்க வைத்தவர்கள் நீங்கள். அதனால்தான் மடலைக் கல்லூரியின் ஆளுநர் சபைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் கேட்டால் சபை மறுக்காது.

தொல்லியல் திணைக்களத்திடம் போகலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வடக்கில் அந்தப் பெயரைக் கேட்டால் சனம் முதலில் காணி உறுதியைத் தேடும். அந்தப் பயம் காரணமில்லாத பயமும் அல்ல. அதை இங்கே விவாதிக்கவில்லை. அரசாங்கம் வந்து பலகை நடும்வரை காத்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தை நாங்கள் அளப்பதற்கு வர்த்தமானி தேவையில்லை.

செலவைப் பற்றி: ஒரு கட்டடத்தை அளந்து கீற மூன்று பேர் போதும். இருவர் நாடா பிடிக்க, ஒருவர் எழுத. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் இருக்கிற பிள்ளைகளே செய்வார்கள், கேத்திர கணிதம் எதற்கு என்று அவர்களுக்கும் விளங்கும். விடுதிப் பிள்ளைகள் லீவுக்கு வீடு போன நாட்களில் படுக்கையறைகளையும் குசினியையும் முடித்துவிடலாம். ஏணியும் நாடாவும் நான் கொண்டுவருகிறேன், படம் கீறுவதற்குக் காசு வேண்டாம். நான் ஆம்பிளை என்பதால் விடுதிக்குள் விட யோசிப்பீர்கள், அது சரிதான். பிள்ளைகளுக்கு ஒரு நாள் எப்படி அளப்பது என்று வெளி மண்டபத்தில் காட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறேன். அவர்கள் கொண்டுவருகிற இலக்கங்களை வைத்து நான் கீறுவேன்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஆம் என்றால் முதலில் குசினி, பிறகு பழைய விடுதி, கடைசியாக முகப்பு. இல்லை என்றாலும் அதையும் எழுதி அனுப்புங்கள், நான் மருதனார்மடத்துப் பக்கம் போய்க் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உடுவில் போடிங்கில் இருந்தவரின் பேரன்